வாரத்துக்கு இரண்டு பக்க மாயாவி

வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸ் வார இதழை முதன்முதலில் கையில் வாங்கியபோது அதன் அளவே என்னைத் திகைக்க வைத்தது. கோவில்பட்டியில் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த முத்து காமிக்ஸ் கால்சட்டைப் பைக்குள் அடங்கும். இதை விரித்தால் மடி கொள்ளவில்லை. 1964-ஆம் வருடத்து இதழ், ஓரமெல்லாம் தேநீர் நிறம். கேப்டன் ஹரிகேனின் போர்க் கதையையும் குண்டுப் பையன் பில்லி பண்டரையும் தாண்டிப் புரட்டினேன். அங்கே ஒரு எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. லூயிஸ் கிராண்டேல். நம்ம இரும்புக்கை மாயாவி! மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர உடல் முழுதும் மறைந்துபோகிறவன். அடுத்த தாளைத் திருப்பினால் வேறு கதை ஓடுகிறது. அந்த வாரத்துக்கு மாயாவி அவ்வளவுதான்.

ஒரே மூச்சில் முழுப் புத்தகமாய் வாசித்து வளர்ந்தவன் நான். இங்கிலாந்துப் பையன்கள் இதே கதையை இரண்டு மூன்று பக்கமாக, மாதக்கணக்கில் காத்திருந்து வாசித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 1962 அக்டோபர் 6-இல் வேலியண்ட் முதல் இதழ் வந்தபோதே மாயாவியும் வந்துவிட்டான். கென் பல்மர் எழுத, பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பிறகு டாம் டல்லி எழுதினார். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகனும் அவனே. ஆனால் வேலியண்ட் இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பிரிட்டிஷ் வார இதழ்களில் பெயர் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. 1977-இல் வந்த 2000 ஏடி என்ற காமிக்ஸ் வார இதழ்தான் அதை வழக்கமாக்கியது. மின்சாரம் பாய்ந்து உடல் மறைவதை அத்தனை நம்பும்படி வரைந்த மனிதரின் பெயர், அதை வாசித்த பிள்ளைகளுக்குப் பல வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

இனி, நான் சொல்ல வந்த சந்திப்பு.

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. வயல்வெளியில் வரிசையாகக் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாத சாமான்களைப் பரப்பி விற்பார்கள். காலை ஆறரைக்கே போய்விட வேண்டும். வியாபாரிகள் டார்ச் அடித்துக்கொண்டு நமக்கு முன்பே வந்திருப்பார்கள். அன்றைக்கு ஒரு பெரியவர் காரில், பீங்கான் தட்டுகளுக்கு அடியில், சணல் போட்டுக் கட்டிய வேலியண்ட் கட்டு ஒன்று இருந்தது. 1962 கடைசியும் 1963 தொடக்கமும். கை நடுங்காமல் விலை கேட்கப் பெரும்பாடு பட்டேன்.

ஏறக்குறைய எல்லா அட்டையிலும் மேல் மூலையில் பென்சிலால் 42 என்று எழுதியிருந்தது. பழைய விலையோ என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அது வீட்டு நம்பர். கடைக்காரர் எழுதிக் கொடுப்பார், நாங்க சைக்கிளில் கொண்டுபோய்க் கதவில் போடணும். எனக்கு அப்போ பதின்மூணு வயசு. 42-ஆம் நம்பர் வீட்டுப் பையனுக்கு முன்னாடி மாயாவியைப் படிச்சவன் நான்தான். சுவரில் உட்கார்ந்து படிச்சிட்டுத்தான் போடுவேன்."

அந்தப் பையன் வளர்ந்து, ஊரை விட்டுப் போகும்போது கட்டோடு இவருக்கே கொடுத்துவிட்டானாம். கட்டில் சில இதழ்கள் அலை அலையாகச் சுருங்கியிருந்தன. 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பனி, மார்ச் வரை இங்கிலாந்தை விடாமல் உறைய வைத்த குளிர்காலம் அது. சைக்கிள் ஓட்ட முடியாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போட்டதாகச் சொன்னார். சேகரிப்பாளர் கணக்கில் நனைந்த இதழ் என்றால் விலை குறைவு. எனக்கு அந்தச் சுருக்கம் இல்லாத பிரதி வேண்டவே வேண்டாம்.

ஒரே ஓர் இதழில் மட்டும் 42-க்குப் பதில் 24 இருக்கிறது. கடைக்காரர் மாற்றி எழுதினாரா, இவர் மாற்றிப் போட்டாரா? அவருக்கும் நினைவில்லை.

2021-இல் ரெபெல்லியன் நிறுவனம் மாயாவியின் தொடக்கக் கதைகளைச் சுத்தமாக மறுபதிப்பு செய்திருக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பொடியும் தாள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்தப் புத்தகமும் என்னிடம் இருக்கிறது, வாசிக்க அதுதான் வசதி. ஆனால் அதில் பென்சில் எண் இல்லை, பக்கத்துக் கதை இல்லை, விளம்பரம் இல்லை. இதழ்கள் எப்படிச் செத்தன என்பதும் அதில் தெரியாது. விற்பனை குறைந்த இதழை இன்னொன்றோடு இணைத்துவிடுவார்கள். அறிவிப்பு மட்டும் பிள்ளைகளுக்கு ஏதோ கொண்டாட்டம் போல வரும். ஆடம் எட்டெர்னோ என்ற காமிக்ஸ் நாயகனைப் பாருங்கள். 1970-இல் தண்டர் இதழில் பிறந்தான். அது 22 வாரத்தில் முடிய, லயன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் வார இதழுக்குக் குடிபெயர்ந்தான். 1974-இல் லயனும் போக, வேலியண்டுக்கு வந்தான். 1976-இல் வேலியண்டே பேட்டில் இதழுக்குள் கரைந்தது. இந்த நாடோடி வாழ்க்கையை அட்டைகளை வரிசையாக அடுக்கினால்தான் கண்ணால் பார்க்க முடியும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். பிடித்த கதைகளை எழுதி அனுப்பும் கூப்பனைப் பிள்ளைகள் வெட்டியிருப்பார்கள். முழுமையான பிரதி என்று தபாலில் வந்த ஒன்றில் கூப்பன் இல்லை. அதன் பின்பக்கத்தில் இருந்ததோ மாயாவி பிளக்கில் விரலை வைக்கும் கட்டம்! இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. துருப்பிடித்த ஊக்கை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், நான் ஒட்டிய இடமெல்லாம் இன்று மஞ்சள் பட்டையாக நிற்கிறது. அமிலமில்லாத அட்டையோடு பாலியெஸ்டர் உறையில், வெயில் படாமல், படுக்கையாக வையுங்கள்.

மறு மாதம் அதே சந்தைக்குப் போனேன். பையில் தமிழ் மாயாவி ஒன்று. சிவகாசி என்று ஓர் ஊரில் அச்சாகி, உங்கள் வேலியண்ட் நாயகனை எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் வாசித்தோம் என்று நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓர் எழுத்தும் புரியாது. பக்கம் பக்கமாகப் போனவர், ஒரு கட்டத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். "இதுக்கு அடுத்ததில் கை மட்டும் கதவைத் திறக்கும், பாருங்க" என்றார். திருப்பினோம். திறந்தது.

தட்டுகளை விற்பதை மறந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறார்.

கட்டில் 1963 பிப்ரவரி 9 இதழ் மட்டும் இல்லை. பனியில் எங்காவது விழுந்திருக்கும் என்கிறார் அவர். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள். நனைந்திருந்தாலும் பரவாயில்லை, கூப்பன் போயிருந்தாலும் பரவாயில்லை.