தீம் பார்க் போய் நொந்து திரும்பினால் அது யார் தப்பு?

நிலாமுற்றம்:
பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு பெரிய தீம் பார்க் போய் வந்தோம். பெயர் வேண்டாம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், கூட என் மாமியார். ரோலர் கோஸ்டர் வரிசையில் கால் கடுக்க நின்று ஒருவழியாக ஏறும் இடத்தை நெருங்கினோம். அங்கே ஒரு பெண் ஊழியர் சின்னவனை உயரம் பார்க்கும் கம்பத்தோடு நிறுத்தினார். 122 செ.மீ. வேண்டுமாம். கோட்டுக்கும் அவன் தலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அவன் மெல்லக் குதிகாலைத் தூக்கினான். அவர் தோளில் கைவைத்து இறக்கிவிட்டு, "அடுத்த வருஷம் வா கண்ணா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தக் கம்பத்தை வரிசை தொடங்கும் இடத்தில் வைத்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

அதைவிட வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே, கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வழி. அவர்கள் நடையைக்கூட நிறுத்தாமல் போய் ஏறுகிறார்கள். "அவங்க மட்டும் ஏம்மா நிக்கல?" என்று பெரியவள் கேட்டாள். நாங்களும் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே வந்தோம்? எல்லோரிடமும் காசு வாங்கிவிட்டு, நம் நேரத்தை எடுத்து இன்னொருவருக்கு விற்பது என்ன நியாயம்?

தண்டவாளம்:
ரைடு இயக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் சகோதரி. உயர விஷயத்தில் ஒரு விரலுக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இடுப்புக் கம்பியும் தோள் பூட்டும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்யப்பட்டவை. குழந்தையின் இடுப்பு அதற்குள் சரியாக உட்காராவிட்டால் வளைவிலோ சரிவிலோ நழுவ வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு ரைடுக்கும் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது பார்க்கின் இணையதளத்திலும் செயலியிலும் இருக்கும். வீட்டுச் சுவரிலேயே அளந்துவிட்டுக் கிளம்பினால் இந்த அழுகை இல்லை.

இன்னொன்று. பல பார்க்குகளில் சின்னப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வருவார். பிறகு இவர் மறுபடி வரிசையில் நிற்காமல் நேராகப் போய் ஏறலாம். கேட்டால்தான் சொல்வார்கள். அதிகக் கூட்டம் வரும் நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசல் திறக்கும்முன் போய் நிற்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது மதியம் முழுக்க நின்றாலும் கிடைக்காது.

சாரல்:
தண்டவாளம் அண்ணா, பள்ளிக்கூடம் மூடுற நாளை நாங்களா தேர்ந்தெடுக்கிறோம்? பிள்ளைகளுக்கு விடுமுறை வரும்போதுதான் பெற்றவங்களுக்கும் லீவு எடுக்க முடியும். எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்துலதான் வரும்னு பார்க்குக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த நாளுக்கு டிக்கெட் விலையையும் ஏத்துறாங்க. கூட்டம் வரும்னு விலை ஏத்தத் தெரியுது, கூட்டத்தைக் குறைக்க மட்டும் தெரியாதா? "கேட்டால்தான் சொல்வார்கள்"னு நீங்களே சொல்றீங்க. கேட்கணும்னே தெரியாதவங்க என்ன பண்றது?

வழிப்போக்கன்:
நான் அந்த விரைவு டிக்கெட் வாங்கி ஏறுகிறவன். இதில் கூச்சப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. வேலை நெருக்கடியில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் பிள்ளைகளோடு இப்படி வெளியே போக முடிகிறது. என் அப்பாவுக்கு முழங்கால் வலி, நீண்ட நேரம் நிற்க முடியாது. அந்த ஒரு நாளை வரிசையில் கரைக்க மனமில்லாமல் வேறு செலவைக் குறைத்து இதை வாங்குகிறேன். விமானத்தில் முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவரை யாராவது திட்டுகிறோமா?

கணக்குப்பிள்ளை:
விமான உதாரணம் இங்கே பொருந்தாது நண்பரே. முன்வரிசையில் அவர் உட்காருவதால் பின்னால் இருப்பவர் தாமதமாகப் போய்ச் சேருவதில்லை. இங்கே ஒருவர் முந்துவது இன்னொருவர் காத்திருப்பதால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரோலர் கோஸ்டரின் ஒரு ரயிலில் 24 இருக்கை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. மணிக்கு 720 பேர். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணியில் ஏறிவிடலாம். இரண்டு வழியும் சேரும் இடத்தில் இருக்கையில் மூன்றில் இரண்டு பங்கை விரைவு வழிக்குக் கொடுத்தால், சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது மணிக்கு 240. அதே 360 பேர் கரைய ஒன்றரை மணி ஆகும். வரிசையின் நீளத்தைப் பார்த்து "கொஞ்சம் பேர்தானே" என்று நுழைந்தவருக்கு இது தெரியாது. எந்தப் பங்கில் பிரிக்கிறார்கள் என்பதை நான் போன எந்தப் பார்க்கிலும் எழுதி வைத்துப் பார்த்ததில்லை.

வழிப்போக்கன்:
கணக்கு சரி, ஆனால் பாதிதான் சொல்கிறீர்கள். விரைவு வழியே இல்லை என்றால் நாங்களும் உங்கள் வரிசையில்தான் நிற்போம். அப்போது முன்னால் 360 பேரா இருப்பார்கள்? ரயிலில் இருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. எல்லோரும் ஒரே ஒரு முறை மட்டும் ஏறினால் நீங்கள் சொல்வது சரி. நடப்பது அதுவல்ல. நிற்க வேண்டியதில்லை என்றால் அதே ரைடில் மறுபடியும் ஏறத் தோன்றும். வரிசை நீளம் என்று விட்டுவிடக்கூடிய ரைடிலும் ஏறுவீர்கள். நின்று ஏற வேண்டும் என்பதே ஒரு தடுப்பு. பணம் கொடுத்து அந்தத் தடுப்பை எடுத்துவிட்டால் அதே ஆளே அதிக இருக்கைகளை எடுத்துக்கொள்கிறார். சுமை முழுவதும் நிற்பவர் தலையில் விழுகிறது.

நிலாமுற்றம்:
இதில் எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. டிஸ்னி பார்க்குகளில் 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். டிக்கெட்டை இயந்திரத்தில் நுழைத்தால், எத்தனை மணிக்கு வரலாம் என்று ஒரு சீட்டு வரும். முந்தி எழுந்து வந்தவருக்குப் பலன், பணத்துக்கு அங்கே வேலையில்லை. 2021-ல் அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் அதை எடுத்துவிட்டுக் கட்டண முறையைக் கொண்டுவந்தார்கள். இலவசமாகக் கொடுக்க முடிந்த ஒன்றைத்தான் இப்போது விற்கிறார்கள்.

தண்டவாளம்:
இலவச முறையிலும் குறை இருந்தது. சீட்டு எடுத்த ஆள் அந்த நேரம் வரும்வரை இன்னொரு ரைடு வரிசையில் போய் நிற்பார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் காத்திருப்பதுபோல ஆகி, சின்ன ரைடுகளுக்கும் கூட்டம் கூடும். கூட்டம் ஒன்றும் புதிதல்ல. 1955 ஜூலை 17-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்த முதல் நாளிலேயே போலி அழைப்புச் சீட்டோடு ஆட்கள் நுழைந்து, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் சேர்ந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது.

சாரல்:
அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஓடிப்போச்சு! 2020-ல் பெருந்தொற்றால மூடின பல பார்க்குகளை மறுபடி திறந்தப்போ முன்பதிவு வச்சு, ஆள் எண்ணிக்கையை நல்லாக் குறைச்சுத்தானே உள்ளே விட்டாங்க? மனசு வச்சா முடியுது.

எங்களுக்கு நடந்ததையும் சொல்றேன். பாதி வரிசை தாண்டினதும் ரைடு நின்னுபோச்சு. "சிறிது நேரம் பொறுக்கவும்"னு ஒலிபெருக்கியில ஒரே பதிவு திரும்பத் திரும்ப. போகலாமா, நிக்கலாமான்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. விட்டுட்டுப் போனா அதுவரை நின்னது வீண். கைக்குழந்தை தூக்கம் கலைஞ்சு அழுகுது, கழிப்பறைக்குப் போனா மறுபடி உள்ளே விடுவாங்களான்னும் தெரியலை.

தண்டவாளம்:
ரைடு நின்றதைப் பழுது என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்கலாம். ஒரு சென்சார் சந்தேகமான தகவல் கொடுத்தாலும், ஒருவர் பெல்ட்டைப் பூட்ட நேரமாகி ரயில் கிளம்பத் தாமதமானாலும், பின்னால் வருபவை தானாக நின்றுவிடும். மின்னல் வந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் சாரல் சொல்கிற மௌனத்தை நான் ஆதரிக்க மாட்டேன். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், குழந்தையோடு வெளியே போய் வர வழிவிட வேண்டும். அதற்கு வரிசையில் இன்னொரு ஊழியர் இருந்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
1985-ல் டேவிட் மெய்ஸ்டர் வரிசையில் காத்திருப்பவர் மனநிலை பற்றி எழுதிய கட்டுரையில் இதெல்லாம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, காரணம் சொல்லாத காத்திருப்பு, நியாயமில்லாத காத்திருப்பு மூன்றும் உண்மையான நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். நம் தோழிகள் இருவரும் பட்டதில் மூன்றுமே இருக்கின்றன.

வழிப்போக்கன்:
சரி, பிரிக்கும் பங்கை எழுதி வைக்கட்டும், விரைவு டிக்கெட்டுக்கும் நாளுக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்கட்டும். அதற்கு நானும் சம்மதம். முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்றால் ஒப்ப மாட்டேன். என் அப்பாவைப் போன்றவர்களுக்கு வேறு வழி?

நிலாமுற்றம்:
முழங்கால் வலி உள்ள பெரியவர் ஏன் அதற்குப் பணம் கட்ட வேண்டும்? என் மாமியாரும் அன்று முழுக்க ஒரு தூணில் சாய்ந்தே நின்றார். முதியோருக்கும் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கும் உட்கார்ந்து காத்திருக்க இடம் கொடுத்து, முறை வரும்போது அழைப்பதுதான் முறை. அது அவர்கள் வாங்கிய நுழைவுச் சீட்டிலேயே அடங்க வேண்டும்.

பார்க் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உயரக் கம்பம் வரிசையின் வாசலில் வேண்டும், இருக்கையில் எத்தனை பங்கு விரைவு வழிக்குப் போகிறது என்பதைக் காத்திருக்கும் நேரம் காட்டும் பலகையிலேயே போட வேண்டும், உட்காரும் இடம் வேண்டும். தண்டவாளம் அண்ணா, ரைடு நிற்கும்போது வரிசையில் இருப்பவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற பகுதியை மட்டும் நீங்கள் எழுதித் தர முடியுமா?

தண்டவாளம்:
எழுதித் தருகிறேன். விரைவு வழி பற்றிய வரியில் மட்டும் என் சம்மதத்தைச் சேர்க்க வேண்டாம்.