முகப்பில் நிற்பது சிப்பாயா, காவக்காரனா?

தேவகோட்டை ரஸ்தா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "செட்டிநாட்டை யாரும் அடக்கி ஆண்டதில்லை. வெள்ளைக்காரனோடு சரிசமமாக உட்கார்ந்து தொழில் செய்தவர்கள் நாங்கள். மேலாதிக்கம் என்ற பேச்சே எங்களுக்குப் பொருந்தாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சரிசமம் என்றால், நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பின் உச்சியில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் தொப்பியும் துப்பாக்கியுமாக நிற்கிறானே வெள்ளைக்காரச் சிப்பாய், அவனுக்கு அங்கே என்ன வேலை? வைக்கச் சொல்லி எந்தக் கலெக்டரும் உத்தரவு போடவில்லை. நாமே காசு கொடுத்து, சுதையில் செய்து, வர்ணம் பூசி, லட்சுமிக்குச் சமமாக ஏற்றி வைத்தோம். கேட்காமலேயே செய்தோம் பாருங்கள், அதற்குப் பெயர்தான் மேலாதிக்கம்.

வளவுக்காரன்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அது சிப்பாய் இல்லை, காவக்காரன். கோயிலுக்குத் துவாரபாலகர் மாதிரி வீட்டுக்குக் காவல். எங்கள் வீட்டு முகப்பில் இரண்டு நிற்கின்றன. எங்கள் ஐயா காலத்திலிருந்தே அதற்குக் காவக்காரப் பொம்மை என்றுதான் பெயர்.

தேவகோட்டை ரஸ்தா:
நம் ஊரில் காவல் பார்த்தவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக் கையில் கம்பு வைத்திருந்தார்கள். அவர்கள் எப்போது சிவப்புக் கோட்டும் பூட்சும் போட்டார்கள்? பெயரை மாற்றிக் கூப்பிட்டால் ஆள் மாறிவிடுவானா?

காரைக்குடி மாணவி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். அந்தோனியோ கிராம்சி என்ற இத்தாலியர் 1926ல் முசோலினி ஆட்சியில் கைதானவர். 1929 முதல் 1935 வரை சிறையில் இருந்தபடி எழுதிய குறிப்பேடுகளில் இதை விளக்கியிருக்கிறார். போலீசும் ஜெயிலும் மட்டும் வைத்து ஒரு கூட்டம் நீண்ட நாள் ஆள முடியாது. பள்ளிக்கூடம், பத்திரிகை, மதம் வழியாக ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தையும் வாங்கிவிடும் என்கிறார். அவர்களுடைய ரசனையே நமக்குப் பொதுப்புத்தி ஆகிவிடும். எந்த அர்த்தத்தில் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே?

வளவுக்காரன்:
தங்கச்சி, இத்தாலிக்காரரை அப்புறம் பார்ப்போம். சிவப்புக் கோட்டு என்று இவருக்கு யார் சொன்னது? எங்கள் பொம்மைக்குப் பச்சைச் சட்டை.

பர்மா பேரன்:
பச்சையோ சிவப்போ, அந்த முகப்பைத் தாங்குகிற தூணைப் பற்றி ஏன் ஒருத்தரும் பேசவில்லை? பர்மாத் தேக்கு. எங்கள் ஐயா, செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்தாளாகி, 1942ல் ஜப்பான்காரன் நுழைந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர். "நெல் விலை விழுந்த வருஷம் நமக்கு நிலம் வந்துச்சு, தூக்கம் போச்சு" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938ல் 25 பங்கு. யாரும் வாளெடுத்துப் போகவில்லை. பத்திரம், கோர்ட்டு, வட்டி, அவ்வளவுதான். கோர்ட்டு வெள்ளைக்காரனுடையது. வாசலில் போய் நின்ற முகம் நம்முடையது. பர்மா விவசாயிக்கு நாம்தான் அந்தச் சிப்பாய்.

வளவுக்காரன்:
கடன் கொடுத்தோம், திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்தது. திருடினோமா? 1948ல் பர்மா சர்க்கார் சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டதே, அந்தக் கணக்கை யார் தீர்த்தார்கள்? சொந்த ஐயா சாப்பிட்ட சோற்றை இப்படிப் பொதுவில் பழிப்பவரிடம் மேலே பேச எனக்கு ஒன்றுமில்லை. பொம்மை காவக்காரன்தான்.

பர்மா பேரன்:
எங்கள் ஐயாவை இதில் இழுக்காதீர்கள். அவர் கைக்கு வந்தது சம்பளம். நிலம் முதலாளிக்குப் போனது.

தேவகோட்டை ரஸ்தா:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. சிப்பாய் ஏன் லட்சுமிக்குப் பக்கத்தில் நிற்கிறான்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காரை பூசின கைக்கு லட்சுமியை எப்படிச் செய்வது என்று பரம்பரையாகத் தெரியும். சிப்பாயைத் தெரியாது. படம் காட்டி, இப்படி வேண்டும் என்று சொல்லித்தான் செய்ய வைத்திருப்பார்கள். இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்கு என்று வந்தபோது எது அழகு, எது கௌரவம் என்ற முடிவும் கூடவே கப்பலேறி வந்தது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பளபளவென்று இழைக்கிற நம் பூச்சு எந்தப் பளிங்குக்கும் குறைந்ததில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் முகம் தெரியும். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் அப்பச்சி முதலில் காட்டியது பளிங்கைத்தான். அந்தச் சுவரை ஒருநாளும் காட்டியதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

வளவுக்காரன்:
பிடித்ததை வாங்கினால் அடிமைத்தனமா? நீங்கள் இதைத் தட்டுகிற போன் ஆத்தங்குடியில் செய்ததா? இன்னொன்றும் கேளுங்கள். கச்சேரி என்றாலே தெலுங்குக் கீர்த்தனைதான் என்று மெட்ராஸ் வித்வான்கள் உட்கார்ந்திருந்த காலத்தில், தமிழில் பாடுங்கள் என்று பணத்தைப் போட்டு நின்றவர் யார்? ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மேலாதிக்கத்தை எதிர்த்தவர்கள் நாங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
அந்த வேலைக்கு நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நீங்களே எழுதின பெயரைத் திரும்பப் படியுங்கள். 'சர்' யார் கொடுத்தது? 'ராஜா' பட்டம் 1929ல் யார் கொடுத்தது? பிரிட்டிஷ் சர்க்கார். தமிழுக்காக எழுந்த குரல்கூட அந்தப் பட்டத்தோடு எழுந்தால்தான் சபையில் எடுபட்டது. பெயருக்கு முன்னாலும் அதே சிப்பாய் நிற்கிறான்.

வளவுக்காரன்:
காவக்காரன்.

மூன்றாங்கட்டு:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் முகப்பையே பார்க்கிறீர்கள். எங்கள் அப்பத்தா ஒரு பெரிய வீட்டில் முப்பது வருஷம் சமைத்தவர். ஒருநாள்கூட முகப்பு வழியாக உள்ளே போனதில்லை. பின்வாசல்தான். மிளகும் சோம்பும் கல்பாசியும் வறுத்து அம்மியில் அரைத்து அரைத்து அவர் வலதுகைக் கட்டைவிரல் வளைந்தே போயிருந்தது. இன்றைக்கு ஊர் ஊராகச் செட்டிநாட்டுச் சமையல் என்று போர்டு தொங்குகிறது. அந்தப் பெயருக்குள் எங்கள் அப்பத்தா எங்கே இருக்கிறார்? வெள்ளைக்காரன் உங்களுக்குச் செய்ததைத்தான் நீங்கள் பின்கட்டில் செய்தீர்கள்.

வளவுக்காரன்:
எங்கள் வீட்டில் சமைத்தவர்களை ஆத்தா என்றுதான் கூப்பிட்டோம். கல்யாணம் காட்சிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தோம். அப்புறம், கைப்பக்குவம் சொல்லிக் கொடுத்தது ஆச்சிமார்கள்.

மூன்றாங்கட்டு:
சேலை எடுத்தீர்கள். வாசல்? எந்த வாசல் என்று மட்டும் சொல்லுங்கள்.

காரைக்குடி மாணவி:
கிராம்சி சொல்வதும் இதுதான். ஆத்தா என்று கூப்பிட்டதும் சேலையும்...

தேவகோட்டை ரஸ்தா:
பின்கட்டுக்கு அப்புறம் வருவோம், அது தனி இழைக்கு உரிய விஷயம். இப்போது கேள்வி முகப்புதான்.

மூன்றாங்கட்டு:
பார்த்தீர்களா, இங்கேயும் எனக்குப் பின்வாசல்தான்.

வளவுக்காரன்:
ரஸ்தாவுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். இதே காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919ல் பாரதியார் வந்தார். மரியாதையோடு வரவேற்றார்கள். சிப்பாயைக் கும்பிடுகிற ஊர் பாரதியாரை வரவேற்குமா?

தேவகோட்டை ரஸ்தா:
வரவேற்ற தெருவிலும் முகப்புகள் இருந்தன. நம் ஊரின் மனசு இரண்டாகக் கிடந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பெருமையாகப் பேசுகிற உங்கள் பங்காளிகள்தானே போன வருஷம் உள்முற்றத்து வளவுத் தூண்களைப் பிடுங்கி, பழம்பொருள் வியாபாரிக்கு எடை போட்டு விற்றது?

வளவுக்காரன்:
வீட்டு விவகாரத்தை இங்கே இழுப்பது அசிங்கம். பதினேழு புள்ளிக்கு, அதாவது பதினேழு குடும்பத்துக்குப் பங்கு இருக்கிற வீடு. நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களைப் போன்றவர்கள் வந்து போட்டோ எடுத்துப் போவார்கள், ஓட்டை மாற்ற ஒரு ரூபாய் தரமாட்டார்கள். இன்று காலை ஏணி போட்டு நானே ஏறினேன். பொம்மையைக் கிட்டத்தில் பார்த்தேன். பச்சைச் சட்டை. மூக்கு உடைந்திருக்கிறது. தொப்பி விளிம்பில் அரசங்கன்று முளைத்திருந்தது, பிடுங்கிப் போட்டேன். சட்டையில் ஐந்து பொத்தான். துப்பாக்கி என்று நீங்கள் சொல்வது உடைந்த கம்பாகவும் இருக்கலாம்.

தேவகோட்டை ரஸ்தா:
தொப்பி. பொத்தான். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வளவுக்காரன்:
காவக்காரன் சட்டைக்கும் பொத்தான் உண்டு.

பர்மா பேரன்:
தூணைப் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.