அரபி ஸ்பானிஷுக்குள் போனது சரி, சொற்கள் எதிர்த்திசையிலும் போனதுண்டா?

மயிலை மாணவி:
மயிலாப்பூரில் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். போன வாரம் சமையலறைச் சொற்கள் நடத்தினார்கள். எண்ணெய்க்கு அசெய்தே, சர்க்கரைக்கு அசூகர். பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு அரபி தெரியும், கேட்ட உடனே "இது அஸ்ஸைத், அது அஸ்ஸுக்கர், முன்னால் வரும் அல் (ஆங்கிலத்தின் the மாதிரி, இங்கே அஸ் என்று ஒலிக்கும்) கூட அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதே" என்றார். ஸ்பெயினில் 711 முதல் 1492 வரை முஸ்லிம் ஆட்சி இருந்தது, அதனால் வந்தது என்று புரிகிறது. ஆனால் ஆண்டவர்களிடமிருந்துதான் சொல் வருமா? மத்தியதரைக் கடலைச் சுற்றி வேறு வேறு குடும்பத்து மொழிகள் இருக்கின்றன, மற்றபடி எப்படிக் கலந்தன?

காசிமேட்டுக்காரன்:
தங்கச்சி, அரண்மனையை விட்டு மீன் சந்தைக்கு வாங்க. நான் பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். துருக்கியில் இஸ்மீர் சந்தையில் நம்ம கொடுவா மாதிரி ஒரு மீனைக் காட்டி லெவ்ரெக் என்றார்கள், கிரேக்கத் துறைமுகத்தில் அதே மீன் லவ்ராகி. துருக்கியர் மத்திய ஆசியாவின் புல்வெளியிலிருந்து வந்தவர்கள், கடல் அவர்களுக்குப் புதுசு, அதனால் அங்கே தலைமுறை தலைமுறையாக வலை வீசிக்கொண்டிருந்த கிரேக்கர்களிடமே மீன் பெயரையும் காற்றின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வடகிழக்குக் காற்று போய்ராஸ், அது கிரேக்க போரெயாஸ். தென்மேற்குக் காற்று லோடோஸ், கிரேக்க நோதோஸ். ஆண்டவர்கள் துருக்கியர், சொல் கொடுத்தவர்கள் குடிமக்கள்!
அப்புறம் கரையில் கதை மாறுகிறது. கிரேக்கர் சட்டைப்பையை ட்செபி என்பார்கள். அது துருக்கியின் ஜெப், அதற்கு மூலம் அரபியின் ஜைப். நம்ம ஊர் ஜேப்படித் திருடனின் ஜேப்பும் அதே அரபிச் சொல்தான், பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்தது.

சொல்வேட்டை:
எதிர்த்திசைக்கு நல்ல உதாரணம் ஸ்பானிஷ் அல்காசர், கோட்டை அரண்மனை. பார்த்தால் அசல் அரபி, அல்கஸ்ர். ஆனால் கஸ்ர் என்பதே லத்தீன் காஸ்த்ரும், ரோமானியரின் பாசறை. கிரேக்கம் வழியாக அரபிக்குப் போய், அல் சேர்த்துக்கொண்டு லத்தீனின் மகள் மொழிக்கே திரும்பி வந்துவிட்டது.
எனக்கு ரொம்பப் பிடித்தது ஆரஞ்சு. கிளம்பிய இடம் நம்ம பக்கம்: நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிடச் சொல் சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிஷில் நரான்ஹா. இது முதலில் புளிப்பும் கசப்புமான பழத்தின் பெயர். பிறகு போர்ச்சுகீசியர் இனிப்பு ஆரஞ்சு வியாபாரம் செய்ததும் அந்த நாட்டின் பெயரே பழத்துக்கு வந்துவிட்டது. துருக்கியில் போர்தகால், அரபியில் புர்துகால், கிரேக்கத்தில் போர்தோகாலி. கிரேக்கர் கசப்புப் பழத்தை மட்டும் இன்றும் நெராந்த்சி என்கிறார்கள், ஒரே கடையில் இரண்டு காலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

காசிமேட்டுக்காரன்:
அப்படியானால் பழைய கிரேக்கத்தில் அரிசிக்குச் சொன்ன ஒரிசா என்ற சொல் நம்ம அரிசிதானே?

சொல்வேட்டை:
ஆசையாகத்தான் இருக்கிறது அண்ணா, ஆனால் அதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பழைய ஈரானிய மொழி வழியாக வந்தது என்று சொல்பவர்கள் நிறைய. ஆரஞ்சு அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மயிலை மாணவி:
இரண்டு பேருக்கும் நன்றி. வீட்டில் அம்மா போட்ட உப்பு நாரத்தங்காய் ஒரு ஜாடி இருக்கிறது, அடுத்த வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். அந்த அக்கா என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.