பால்வீதியைத் தாண்டி ஓடுபவரை என்னவென்று அழைப்பது?

திருகோணமலை, உவர்மலையிலிருந்து விஞ்ஞான ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் சேர்ந்து எழுதிய விண்வெளிக் கதை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். கதையில் இரண்டு வகை மாலுமிகள். ஒரு கூட்டம் பால்வீதிக்குள்ளேயே உடுவுக்கு உடு, அதாவது நட்சத்திரத்துக்கு நட்சத்திரம், போகிறது. அதற்கு 'உடுவிடைப் பயணம்' என்று வைத்துவிட்டோம். மற்றக் கூட்டம் பால்வீதியையே விட்டு வெளியேறி, பக்கத்திலுள்ள சிறிய விண்மீன் கூட்டங்களான மகெல்லன் முகில்களில் தரித்து, அந்திரொமேடா என்ற பெரிய விண்மீன் கூட்டம் வரை போகிறது. அதற்குப் பிள்ளைகள் 'இன்டர்கலக்டிக்' என்றே எழுதியிருக்கிறார்கள். பயணத்துக்கு ஒரு சொல்லும் போகிறவருக்கு ஒரு சொல்லும் தேவை. எட்டாம் வகுப்புப் பிள்ளை உரத்து வாசிக்கும்போது நாக்குத் தடக்கக்கூடாது.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்' என்று தொடங்கி, அவை 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்கிறார் மாணிக்கவாசகர். ஆக, அண்டம் ஒன்றல்ல, பல. தேசம் விட்டுத் தேசம் போவது தேசாந்தரம், போகிறவர் தேசாந்தரி. அதே வழியில் அண்டாந்தரம், அண்டாந்தரி. 'அந்தரம்' என்றால் இடைவெளி, ஆகாயம் என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டும் அமைகின்றன.

கிண்ணியாவிலிருந்து பௌதிகவியல் ஆசிரியர்:

ஐயா, எங்கள் வகுப்பில் அண்டம் என்றால் பிரபஞ்சம் முழுவதும். அண்டாந்தரம் என்றால் பிரபஞ்சம் விட்டுப் பிரபஞ்சம் போவதாகிவிடும். இன்னொன்று, இந்தப் பக்கம் 'அந்தரப்படாதே' என்றால் 'பதற்றப்படாதே, அவசரப்படாதே' என்று அர்த்தம். அண்டாந்தரியைப் பிள்ளைகள் அவசரக்காரராகத்தான் நினைப்பார்கள்.

சொல்லில் அந்த இடைவெளியின் பெருமை தெரியவேண்டும். பால்வீதியின் குறுக்களவு ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு. பெரிய மகெல்லன் முகில் சுமார் 1,60,000 ஒளியாண்டில், அந்திரொமேடா சுமார் 25 லட்சத்தில். 1977இல் ஏவிய வொயேஜர் 1 விண்கலம் செக்கனுக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அந்திரொமேடாவுக்கு 4,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடிதான். இதை உடுவிடைப் பயணத்தின் நீட்சி என்று எண்ணவே முடியாது. என் பரிந்துரை 'பேரடையிடைப் பயணம்'. பால்வீதி போன்ற விண்மீன் கூட்டத்துக்கு இணையத்தில் 'விண்மீன் பேரடை' ஏற்கெனவே புழங்குகிறது.

நிலாவெளியிலிருந்து:

சேர், பேரடையிடை என்று மூன்று தரம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். டீச்சர் கேட்டதே நாக்குத் தடக்காத சொல்.

எங்கள் குடும்பம் கடற்தொழில். எங்களுக்குக் கடலில் போவது 'ஓடுவது'தான். கடலோடி என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். வள்ளம் கட்டுபவர் ஓடாவியார். அவர் பெயரிலும் ஓட்டம் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. உட்துறைமுகத்துக்குள் ஓடுவது ஒன்று, கொட்டியார் குடாவைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போவது வேறு. டீச்சரின் இரண்டு கூட்டமும் அப்படித்தான். விண்மீன் கூட்டத்தை விண்மீன் திரள் என்றும் சொல்வார்களே, உடுவோடி, திரளோடி என்று வைத்தால் என்ன?

மதுரைப் பேராசிரியர்:

ஓடாவி 'ஓடம்' என்பதோடும், ஓடம் 'ஓடு' என்பதோடும் தொடர்புள்ளவை என்றே நானும் கருதுகிறேன். தம்பி சொன்னது சரியான தடம். 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி' என்று கரிகாலனின் முன்னோரை வெண்ணிக்குயத்தியார் பாடியதும் இந்த வினைதான். 

ஆனால் பயணத்துக்குப் பழைய சொல் 'செலவு'. திரள் + செலவு = திரட்செலவு. புணர்ச்சியும் பிழையில்லை.

உவர்மலை ஆசிரியை:

ஐயா, குறை நினைக்காதீர்கள். செலவு என்றால் இங்கே காசுச் செலவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

நான் மாறுபடுகிறேன். பிள்ளைகளே 'இன்டர்கலக்டிக்' என்று எழுதியிருக்கும்போது ஏன் அதை எடுக்கவேண்டும்? 'எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது. புரிதல்தான் முதலில்.

மதுரைப் பேராசிரியர்:

தொல்காப்பியர் அங்கே சொல்வது வடசொல்லை. அதையும் வடவெழுத்தை நீக்கித்தான் எடுக்கச் சொல்கிறார். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள். திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அவர் நடந்த ஊரிலிருந்து வரும் புத்தகத்தில் 'இன்டர்கலக்டிக்' இருப்பது எனக்கு வலிக்கும்.

கோயம்புத்தூர்:

உங்கள் வலியை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு இணையத்தில் தேடினால் திரட்செலவு என்று எதுவும் கிடைக்காது. 'இன்டர்கலக்டிக்' கிடைக்கும். பெரியவர்கள் மாற்றி மாற்றி எழுதினால், சொந்தக் கதையே தங்களுக்கு அந்நியமாகிவிட்டது என்று அவர்கள் நினைப்பார்கள்.

நிலாவெளி:

அண்ணா, திரளோடி என்று தேடினாலும் இன்றைக்கு எதுவும் கிடைக்காதுதான். புத்தகம் வந்தால் கிடைக்கும்.

உவர்மலை ஆசிரியை:

நேற்றுப் பாடம் முடிந்த பிறகு எல்லாச் சொற்களையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன். 'திரளோடி' கேட்டவுடனேயே பிடித்துப்போனது. ஒருத்தி, "அப்ப கப்டன் திரளோடித் தலைவியா?" என்று கேட்டாள். பயணம் 'திரளிடைப் பயணம்'. கதையில் முதல் முறை வரும் இடத்தில் 'விண்மீன் திரள்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்குகிறோம். பேராசிரியர் ஐயாவின் அண்டாந்தரியும் வீண்போகவில்லை, கதையில் ஒரு கிழவரின் கப்பலுக்கு அந்தப் பெயர். சரி, இதோடு அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கிண்ணியா:

பிள்ளைகள் விரும்பினால் தடுக்க நான் யார், டீச்சர். ஆனால் என் மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். திரள் என்பது எதன் திரளும் ஆகலாம். ஒமேகா செந்தோரி பால்வீதிக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் இலட்சக்கணக்கான உடுக்கள் திரண்ட கோளக் கொத்துத்தான். இரண்டாம் பாகத்தில் கப்பல் அங்கே போனால், போகிறவர் உடுவோடியா, திரளோடியா? நான் பேரடைப் பக்கமே நிற்கிறேன்.