மணக்குடியில் பறந்தது எது?

அஜிதா: [படம்] காலையில் மணக்குடிக் காயலின் மேல் பறந்தது. உடம்பெல்லாம் தவிட்டு நிறம். பருந்தைவிடப் பெரியது.

ஜெபின்: படத்தை வைத்துத் தேடினேன். சாலமன் தீவுகளின் சான்ஃபோர்டு கடற்கழுகு என்று வருகிறது!

சுந்தர் பெரியப்பா: இல்லை மக்களே. அது சாலமன் தீவுகளையும் பக்கத்துப் பூகன்வில் தீவையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. முதலில் இடத்தைப் பாருங்கள், நிறம் அப்புறம். நம் கரையில் இருப்பது வெண்வயிற்றுக் கடற்கழுகு. இளம் பறவை தவிட்டு நிறமாகத்தான் இருக்கும். தலையும் வயிறும் முழுதாக வெளுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

செல்வி அத்தை: அப்படியானால் அந்தத் தீவுக் கழுகும் இதே இனத்தின் இளம் பறவையாக இருக்கலாமே அண்ணே?

சுந்தர் பெரியப்பா: நல்ல கேள்வி செல்வி. இளம் பறவை இல்லை. அது கிழடானாலும் வெளுப்பதில்லை. எர்ன்ஸ்ட் மயர் என்ற பறவை ஆய்வாளர் 1935இல் அதைத் தனி இனமாக விவரித்தார். அதற்குமுன் 1929-30இல் அந்தத் தீவுகளில் பறவைகளைச் சேகரித்தவர் அவர். ஆனால் மரபணுவை ஒப்பிட்டபோது தீவுக் கழுகுக்கும் நம் கழுகுக்கும் வேறுபாடு மிகமிகக் குறைவாகவே இருந்தது. தங்களுக்குள் இணைசேர்ந்து பெருகும் கூட்டமே ஓர் இனம் என்று 1942இல் வரையறுத்தவரும் மயர்தான். இந்த இரண்டும் ஒரே இடத்தில் வாழ்வதில்லை. பிறகு இணைசேருமா என்ற சோதனையை எப்படிச் செய்வது? எனக்கு இந்தப் பறவையில் மிகவும் பிடித்தது இந்தச் சிக்கல்தான். தனி இனம் என்பதே என் கட்சி. நிறம் வேறு, பிழைப்பும் வேறு: தீவுக் கழுகு காட்டுக்குள்ளும் புகுந்து பழந்தின்னி வௌவாலையும் புறாவையும் பிடிக்கிறது. வளர்ந்த பறவைகள் ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். காடு அழிந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஜெபின்: இது செம்பருந்தின் குஞ்சாக இருக்காதா பெரியப்பா?

சுந்தர் பெரியப்பா: வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். செம்பருந்தின் வால் நுனி வளைவாக இருக்கும். கடற்கழுகுக்குக் குட்டை வால், ஆப்பு வடிவம். வட்டமிடும்போது இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். விரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர். அஜிதா, வால் தெரிகிற படம் உண்டா?

அஜிதா: [படம்] இதோ. ஆப்பு வடிவம்தான். வெளிறிய வால், நுனியில் மட்டும் கருமை.

சுந்தர் பெரியப்பா: அப்படியானால் இளம் வெண்வயிற்றுக் கடற்கழுகேதான். தேதி, இடம், இரண்டு படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்துவிடு. இந்த வயதுப் பறவை இங்கே பறக்கிறது என்றால் பக்கத்தில் கூடு இருந்திருக்கலாம். செல்வி, கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பார். உயர்ந்த மரத்தில் பெரிய சுள்ளிக் கூடு. கண்டால் கிட்டே போகாமல் எனக்குச் சொல்லச் சொல்.

செல்வி அத்தை: சாயங்காலம் மீன் ஏலத்துக்கு வருவார்கள். கேட்டுவிடுகிறேன் அண்ணே.