வேல்ஸ் பள்ளிக்கூடம் பணம் அனுப்புதேங்காங்க, எந்தக் கணக்குல வாங்க?

களக்காட்டு டீச்சர்:
எங்களது களக்காடு பக்கம் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. நான் அறிவியல் எடுக்கேன். எங்க பழைய மாணவி ஒருத்தி வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல நர்ஸா இருக்கா. அவ மூலமா அங்க உள்ள ஒரு பள்ளிக்கூடத்தோட பேச்சு ஆரம்பிச்சிருக்கு. அந்தப் பிள்ளைங்க கேக் வித்து 1,500 பவுண்டு சேத்து வச்சிருக்காங்க, ஸ்மார்ட் போர்டு வாங்க அனுப்பட்டுமான்னு கேக்காங்க. கரஸ்பாண்டன்ட் “டிரஸ்ட் கணக்குல போடச் சொல்லுங்க டீச்சர்”ங்காரு. ஹெச்.எம். பயப்படுதாங்க. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க.

பாளை ஆடிட்டர் ஆபீஸ்:
ஹெச்.எம். பயப்படுதது சரிதான். எஃப்.சி.ஆர்.ஏ.ங்குத வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம டிரஸ்ட் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. பதிவுக்கு 3 வருஷம் இயங்கி, அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவு காட்டணும். முன் அனுமதின்னா இன்னார் தாராங்க, இவ்வளவு, இன்ன வேலைக்குன்னு அவங்க கடிதத்தோட உள்துறை அமைச்சகத்துக்குப் போகணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் பணம் முதல்ல டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சுலதான் வந்து விழும். பதிவு இருக்க வேற டிரஸ்ட் வாங்கி உங்களுக்குக் கைமாத்தவும் முடியாது. போர்டாவே அனுப்பினாலும் இதே சட்டம்தான்.

அந்த நர்ஸ் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்னா, சொந்தச் சேமிப்புல இருந்து பாங்க் வழியாத் தாரது வெளிநாட்டு நன்கொடையா வராது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிட்டாங்கன்னா ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குத் தார அட்டை) இருந்தாலும் வெளிநாட்டுப் பணம்தான். பிள்ளைங்க சேத்த காசை நர்ஸ் பேருல மாத்தி அனுப்புத யோசனை மட்டும் வேண்டாம்.

ரிட்டயர்டு சார்வாள்:
சட்டத்தைத் தம்பி சொல்லிட்டாரு. நான் கேக்கது, அந்தக் காசு எதுக்கு?

பாளையங்கோட்டைல சாராள் தக்கர் பேருல காலேஜே இருக்கு. அந்த அம்மா இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. அவங்க காலமான பிறகு சிநேகிதமாரு இங்கிலாந்துல பிரிச்ச பணத்துலதான் இங்க பள்ளிக்கூடம் வந்துச்சு. அது தர்மம், நம்ம ஊரு பொம்பளப் பிள்ளைங்க படிச்சுச்சு, நல்லது. ஆனா நான் வேலை பாத்த இடத்துலயும் ஒரு வெளிநாட்டுத் தொடர்பு இருந்துச்சு. பெட்டி வரும், பென்சில் வரும். எங்க பிள்ளைங்க எழுதினது பூரா நன்றிக் கடுதாசி. அந்த ஊர்ப் பிள்ளைங்க எங்ககிட்ட இருந்து ஒண்ணும் படிக்கல, எனக்கு இன்னைக்கும் அதுல வருத்தம்தான்.

அதனால போர்டை விடுங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சுல்லா? கார்டிஃப் வழியா ஓடுத டாஃப் ஆறும் 2020 பிப்ரவரில டென்னிஸ் புயல்ல பாண்டிப்ரித்ங்குத ஊருக் கடைத்தெருவுக்குள்ள புகுந்துச்சு. ரெண்டு பக்கமும் மழை அளக்கட்டும், அந்தந்த ஊருப் பெரியவங்ககிட்ட வெள்ளக் கதை கேக்கட்டும். நேரா இருக்க பாட்டிலும் ஸ்கேலும் போதும். குளிர்காலத்துல நமக்கு மத்தியானம் 2:30 ஆனா அவங்களுக்குக் காலைல 9. நம்ம மணி அடிக்குததுக்குள்ள பேசிரலாம்.

நேர்ல வரணும் போகணும்னா தைத்ங்குத பரிமாற்றத் திட்டத்துல இன்னும் விண்ணப்பம் வாங்குதாங்களான்னு அவங்க பாக்கட்டும். எராஸ்மஸ்ங்குத ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துல இருந்து பிரிட்டன் விலகின பிறகு வேல்ஸ் அரசு 2022-ல தொடங்கினது அது. இங்க இருந்து அங்க போறவங்களுக்கும் அதுல இடம் வச்சிருந்தாங்க. பிரிட்டன் முழுக்கப் பொதுவா வந்த டூரிங் திட்டம் முக்கியமா அங்க இருந்து வெளிய போறவங்களுக்குத்தான். பழைய உதவிப் பணத்தை நம்பாதீங்க, 2021-லயே பிரிட்டன் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்துல 0.7-ல இருந்து 0.5 சதவீதமாக் குறைச்சிட்டு.

மணிமுத்தாறு:
சார்வாள் சொல்லுததெல்லாம் சரி. போர்டு யாரு வாங்கித் தருவா?

ரிட்டயர்டு சார்வாள்:
சென்னைலயும் பெங்களூர்லயும் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன் ஒருத்தனும் இல்லையாக்கும்? அவங்ககிட்ட ரூபாயாக் கேளுங்க.

களக்காட்டு டீச்சர்:
ரொம்ப நன்றி. பணம் இப்போதைக்கு வேண்டாம்னு எழுதிட்டேன். மழைக் கணக்கைப் பத்தி எட்டாப்புல சொன்னேன். “வெள்ளம் வந்தா அங்க எத்தனை நாள் லீவு விடுவாங்க டீச்சர்?” இதான் முதல் கேள்வி. அதையும் சேத்து கார்டிஃப்க்கு அனுப்பியாச்சு.