கோத்தகிரி மலையை வாட்டர்கலர்ல வரையறேன், ஊருக்குள்ளயே விக்க வழி சொல்லுங்க

கொடநாடு_மேகம்:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் கோத்தகிரி பக்கம், வீட்டுல இருந்தே வாட்டர்கலர் பண்றேன், வரையறது எல்லாமே நம்ம மலைதான். கொடநாடு வியூ பாயிண்ட்ல இருந்து தெரியற மாயாறு பள்ளத்தாக்கு, ரங்கசாமி மலை, டீ எஸ்டேட்டுக்கு நடுவுல ஒத்தையா நிக்கற சில்வர் ஓக், ஐப்பசி கார்த்திகை மழைல பாதி மலை காணாம போயி மீதி மட்டும் தெரியுமே, அது. ஆன்லைன்ல போட்டா லைக் நிறைய வருது, ஆனா விலை கேக்கறவங்க பாதி பேர் கூரியர் சார்ஜ் கேட்டதோட போயிடறாங்க.

எனக்கு ஆசை இங்கயே விக்கணும்னு. மலையைப் பாக்க வர்றவங்க கையில இந்த மலையோட படம் இருக்கணும், இங்க வரைஞ்சதா இருக்கணும். டூரிஸ்ட் கடைங்கள்ல எங்கயோ இருக்கற பனிமலை படம் போட்ட மேக்னட் தொங்கறதைப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

கேக்க வேண்டியது நாலஞ்சு இருக்கு. விலை எப்படி வைக்கறது? ஒரு கேலரில பாதிக்குப் பாதி கமிஷன் கேட்டாங்க, அது வழக்கமா? மழைக்காலத்துல பேப்பர்ல பூஞ்சை வர்றதுக்கு என்ன பண்றீங்க? இன்னொண்ணு, ஒரு கடைக்காரர் "குறும்பர் பெயிண்டிங் மாதிரி கோடு மனுஷங்க போட்டுக் குடு, அது நல்லா போகும்"னு சொன்னார். அது இங்க இருக்கற பழங்குடி மக்களோட ஓவியம், எனக்கு அதுல மனசு ஒப்பல, இருந்தாலும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_கடைவீதி:

தங்கச்சி, நான் குன்னூர்ல தைலம், டீத்தூள், வர்க்கி எல்லாம் வச்சு கடை நடத்தறேன், படமும் கொஞ்சம் வச்சிருக்கேன், அதனால கடைக்காரன் பக்கத்துல இருந்து சொல்றேன்.

டூரிஸ்ட் ஒரு பொருளை எடுக்கும்போது முதல்ல யோசிக்கறது இதை எப்படி ஊருக்கு எடுத்துட்டுப் போறதுன்னுதான். கண்ணாடி ஃபிரேம் போட்டு வச்சீங்கன்னா ரசிச்சுப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிடுவாங்க, பஸ்லயும் ரயில்லயும் அதைத் தூக்கிட்டுப் போக முடியாதில்ல. போஸ்ட்கார்டு சைஸ், ஏ5, ஏ4, இந்த மூணும் ஓடும். கார்டு 50 ரூபா, ஏ5 பிரிண்ட் 200, ஏ4 பிரிண்ட் 400 வரைக்கும் பேரம் பேசாம வாங்கறாங்க. ஒரிஜினல் தனி, அதை ஒண்ணு ரெண்டு மட்டும் செவுத்துல மாட்டுங்க, விலையை தைரியமா எழுதி வைங்க. அதைப் பாத்துட்டு பிரிண்ட் வாங்கறவங்கதான் ஜாஸ்தி.

பேக்கிங் ரொம்ப முக்கியம். நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் தடை இருக்கறது உங்களுக்கே தெரியும், வெளியூர்ல பண்ற மாதிரி பளபளன்னு மெல்லிசு கவர்ல போட்டு அடுக்கினா கடைக்காரனுக்குத்தான் ஃபைன். பின்னாடி கெட்டி அட்டை, மேல பட்டர் பேப்பர், ஒரு பிரவுன் உறை, போதும். உறை மேல எந்த இடம், எந்த மாசம் வரைஞ்சதுன்னு உங்க கையெழுத்துல எழுதுங்க, அச்சடிக்காதீங்க.

கூட்டத்தை நம்பி கணக்குப் போடறதுல ஜாக்கிரதை. 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிங்க மலைக்கு வர இ-பாஸ் வந்துருச்சு, 2025 சீசனுக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000 வண்டின்னு கோர்ட் வரம்பு வச்சுது. பழைய மாதிரி மே மாசத்துல வருஷத்துக்கே சம்பாதிச்சுக்கலாம்னு இருக்க முடியாது. அதுக்காக மே மாசத்தை விட்டுறவும் கூடாது. உங்க ஊர்லயே நேரு பார்க்ல காய்கறி கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்ல பழக் கண்காட்சி, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல மலர்க் கண்காட்சி, அது 1896ல இருந்து நடக்குது. ஸ்டால் கேக்கறதுன்னா பொங்கல் முடிஞ்ச உடனே விசாரிக்க ஆரம்பிங்க.

கமிஷன் பத்தி கேட்டீங்க. கேலரில பாதி கேக்கறது உண்டு. லைட் போட்டு, அழைப்பிதழ் அடிச்சு, ஆளுங்களைக் கூப்பிட்டு கண்காட்சி நடத்தறவங்க கேட்டா அதுல அர்த்தம் இருக்கு. சும்மா மூலைல மாட்டி வைக்கறவங்களுக்கு அவ்ளோ குடுக்காதீங்க. என்னை மாதிரி கடைக்கு 25, 30 சதவீதம் போதும். ஜிஎஸ்டின்னு யாராவது பயமுறுத்தினா, தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டினாத்தான் பதிவு, இப்போதைக்கு அதை விடுங்க.

பழைய_டிராயிங்_வாத்தியார்:

வியாபாரம் அவர் சொல்லிட்டார், நான் படத்தைப் பத்தி பேசறேன்மா.

நீ எழுதினதுல எனக்குப் பிடிச்சது "பாதி மலை காணாம போயி"ன்னு சொன்னியே, அது. அதை விட்றாத. இங்க வரையற பிள்ளைங்க எல்லாரும் நீராவி ரயிலை வரையறாங்க, அது 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததுல இருந்து இன்னும் ஜாஸ்தி. ரயில் அழகுதான், ஆனா போட்டோவைப் பாத்து வரைஞ்ச ரயில் எல்லாம் ஒரே ரயில். கோத்தகிரிக்கு ரயிலே கிடையாது, உனக்கு இருக்கறது வேற. ஊட்டிப் பக்கம் ஆடி மாசம் தென்மேற்குப் பருவமழைல நனையும்போது உங்க கிழக்குச் சரிவு ஓரளவு வெளுத்திருக்கும், அங்க மழை முடிஞ்சப்பறம் உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். கீழ சமவெளில இருந்து மேகம் மேல ஏறி வர்றதை நீ வீட்டு வாசல்ல இருந்து பாக்கற. அந்த வெளிச்சம் ஊட்டில உக்காந்து வரையறவனுக்குக் கிடைக்காது. மார்கழி தை மாசத்துல படுகரோட ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு பேரகணி ஊருக்கு வெள்ளை உடுத்திட்டு ஜனங்க வரிசையா நடந்து வருவாங்களே, பச்சை டீ சரிவுல வெள்ளைக் கோடு மாதிரி, அதை யாராவது வாட்டர்கலர்ல ஒழுங்கா பண்ணி நான் பாத்ததில்ல.

இந்த மலையை வரைஞ்சு விக்கறது புதுசு இல்ல. 1830கள்லயே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிங்க இங்க வந்து வரைஞ்சு லண்டன்ல அச்சுப் போட்டு வித்தாங்க. அந்தப் படங்கள்ல மலை இருக்கும், ஏரி இருக்கும், அழகாவும் இருக்கும், ஆனா அதைப் பாத்து வாங்கினவன் அங்க இருந்தான், மலைல இருந்தவன் அதைப் பாத்திருக்கவே மாட்டான். அதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க கொடுக்கல் வாங்கல் மலைக்குள்ளயே நடந்துருக்கு, கோத்தர் சட்டியும் இரும்பு சாமானும் செஞ்சாங்க, தோடர் பாலும் நெய்யும், படுகர் தானியம், குறும்பர் தேன். செஞ்சவனுக்கும் வாங்கினவனுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். நீ உள்ளூர்ல விக்கணும்னு கேட்டதும் எனக்கு இதுதான் தோணுச்சு. டூரிஸ்ட்டை மட்டும் உள்ளூர்னு நெனச்சுக்காதம்மா. ஹட்டில, அதாவது படுகர் ஊர்கள்ல, வீடு கட்டறவங்க எத்தனை பேரு, அந்த வீட்டு ஹால்ல மாட்டறதுக்கு அவங்க ஊர் மலைப் படம் ஒண்ணு கிடைக்குதா?

பூஞ்சை: 300 ஜிஎஸ்எம் கெட்டி காட்டன் பேப்பர்ல போடு, மரக்கூழ் பேப்பர் சீக்கிரம் பழுப்படிக்கும். மழைல படத்தை சிமெண்டுச் சுவத்தை ஒட்டி சாச்சு வைக்காத, காத்து போற மாதிரி பலகை மேல வை, டப்பால ஈரத்தை இழுக்கற சிலிக்கா ஜெல் போட்டு அப்பப்போ நல்லா சூடு பண்ணி காய வச்சு திரும்பப் போடு. ஃபிரேம் போட்டா கண்ணாடி பேப்பர் மேல படக்கூடாது, நடுவுல மவுண்ட் அட்டை கட்டாயம். நவம்பர்ல வாஷ், அதான் தண்ணியா இழுத்த கலர், காயறதுக்கு அரை நாள் ஆகும், ஹேர் டிரையர் வச்சு அவசரப்படுத்தாத, அந்த மெதுவுலதான் மூடுபனி தானா வந்து உக்காரும்.

தேன்பாறை:

அக்கா, குறும்பர் பெயிண்டிங் பத்தி கேட்டீங்கல்ல, அவங்ககூட வேலை செஞ்ச அனுபவத்துல சொல்றேன். தயவுசெஞ்சு போட்டுக் குடுக்காதீங்க.

ஆலு குறும்பர் ஓவியம் சும்மா ஒரு "ஸ்டைல்" இல்ல. கோத்தகிரிக்குக் கீழ வெள்ளரிக்கொம்பை பக்கம் எழுத்துப்பாறைல பழங்கால பாறை ஓவியம் இருக்கு, அதை அவங்க தங்களோட முன்னோர் வரைஞ்சதாத்தான் சொல்றாங்க. கோயில் சுவர்லயும் வீட்டுச் சுவர்லயும் வரைஞ்சுட்டு இருந்ததுதான் இப்போ கைக்காகிதத்துக்கும் துணிக்கும் வந்திருக்கு. நிறம் எல்லாம் காட்டுல இருந்து, செம்மண், வெள்ளை மண், கரி, இலைச்சாறு, வேங்கை மரப் பிசின். படத்துல வர்றது பாறைல கொடி கட்டி இறங்கி தேன் எடுக்கறது, சாமி கும்பிடறது, ஆட்டம், அறுவடை, எல்லாம் அவங்க வாழ்ந்தது. வரையறவங்களே கொஞ்சம் பேர்தான் இருக்காங்க. அவங்க பாறைல தொங்கின ஞாபகத்துல ஒரு கோடு இழுக்கறாங்க, அதையே நாம பாத்து இழுத்து 50 ரூபாய்க்கு கார்டு போட்டா அவங்க படத்துக்கு விலை எங்க நிக்கும் சொல்லுங்க? எனக்கு இதுல கோபமே வருது.

தோடர் எம்பிராய்டரிலயும் இதான் நடந்துச்சு. வெள்ளைத் துணில சிவப்பும் கறுப்புமா, மாதிரி எதையும் வரைஞ்சு வச்சுக்காம நூல் இழையை எண்ணி எண்ணி பெண்கள் போடற தையல் அது, 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுக்கப்பறமும் மெஷின்ல அதே டிசைனைப் போட்டு துண்டு, பை எல்லாம் வித்துட்டுதான் இருக்காங்க. சிவப்பு கறுப்பு பார்டரை உங்க கார்டுல போடச் சொல்லியும் யாராவது கேப்பாங்க, அதுக்கும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

கடைக்காரர் குறும்பர் படம்தான் வேணும்னா வரையற குடும்பத்துகிட்டயே அனுப்பி விடுங்க, வரைஞ்சவங்க பேரைப் போட்டு விக்கச் சொல்லுங்க. கோத்தகிரில பழங்குடி மக்களோட வேலை செய்யற கீஸ்டோன் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு ரொம்ப வருஷமா இருக்கு, அதுல இருந்து வந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைங்கள்ல காட்டுத் தேன், தோடர் தையல் எல்லாம் செஞ்சவங்ககிட்ட நேரா வாங்கி விக்கறாங்க. உங்க வாட்டர்கலரையும் அங்க கொண்டு போய் காட்டிப் பாருங்க, கேக்கறதுல என்ன இருக்கு.

கொடநாடு_மேகம்:

தேன்பாறை, ரொம்ப நன்றி, அந்தக் கடைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன், காரணத்தையும் சேத்தே சொல்றேன். வாத்தியார் சார், ஹெத்தை பண்டிகை நான் சின்ன வயசுல இருந்து பாக்கறது, வரையத் தோணவே இல்ல, இந்த வருஷம் பண்றேன். சாமி விஷயம்ங்கறதால ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும்.

ஒரு சந்தேகம். பிரிண்ட் எங்க எடுக்கறது? இங்க ஸ்டுடியோல போட்டோ பேப்பர்ல எடுத்துப் பாத்தேன், மூடுபனி சாம்பல் எல்லாம் நீலமா வந்து நிக்குது.

வெலிங்டன்_ஞாபகம்:

சிஸ்டர், என் கணவர் ஆர்மில இருந்தவர், ஸ்டாஃப் காலேஜ் கோர்ஸுக்காக வெலிங்டன்ல குடும்பத்தோட இருந்தோம். நீங்க யாரும் சொல்லாத ஒரு கூட்டம் இருக்கு, அது நாங்கதான். ஒவ்வொரு வருஷமும் நூத்துக்கணக்கான குடும்பங்க வருவாங்க, வெளிநாட்டு அதிகாரிங்களும் உண்டு, ஏப்ரல் வாக்குல கோர்ஸ் முடிஞ்சு எல்லாரும் மூட்டை கட்டுவாங்க. அப்போ ஆளாளுக்கு பரிசு தேடுவாங்க, தனக்கும் ஒரு ஞாபகம் வேணும்னு அலைவாங்க. நாங்க டூரிஸ்ட் இல்ல, அந்த மலையைப் பாத்துக்கிட்டே குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பினவங்க. ஊட்டி ஏரி படம் எங்களுக்கு வேண்டாம், வெலிங்டன் மேட்டுல இருந்து எதிர்ல தெரியற சரிவு வேணும், கேத்தி பள்ளத்தாக்கு வேணும். நான் அப்போ தேடினப்ப எனக்குக் கிடைக்கல. பிப்ரவரி மார்ச்லயே ஆர்டர் எடுக்கற மாதிரி போர்டு வைங்க, ஏ3 ஒரிஜினலுக்கு 4000, 5000 குடுக்க யோசிக்க மாட்டாங்க, உருட்டி கெட்டிக் குழாய்ல போட்டுக் குடுத்தா போதும்.

ஹோம்ஸ்டே_கேத்தி:

நாங்க சின்ன ஹோம்ஸ்டே வச்சிருக்கோம். ஜன்னலுக்கு வெளிய தெரியற அதே மலையை வரைஞ்சு ஜன்னலுக்குப் பக்கத்துலயே மாட்டி வச்சோம், விலைச் சீட்டு ஓரத்துல சின்னதா. தங்கறவங்க காலைல எந்திரிச்சு மேகம் மூடி மலையே தெரியலன்னா படத்தைப் பாத்துட்டு "இதா அது"ன்னு கேப்பாங்க, கிளம்பற அன்னைக்கு வாங்கிட்டுப் போவாங்க. நாங்க கமிஷன் எடுக்கறதில்ல, ரூமுக்கு படம் கிடைக்குதே, அதுவே எங்களுக்கு லாபம். உங்க பக்கமும் ஹோம்ஸ்டே நிறைய வந்துருச்சு, ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க ஜன்னல்ல தெரியற மலையையே தனியா வரைஞ்சு குடுங்க, ஒரே படத்தை எல்லா வீட்டுலயும் மாட்டாதீங்க.

குன்னூர்_கடைவீதி:

பிரிண்ட்டுக்கு கோயம்புத்தூர் இறங்கிடுங்க தங்கச்சி. "பிக்மென்ட் இங்க்ல, மேட் காட்டன் பேப்பர்ல வேணும்"னு சொல்லிக் கேளுங்க, சாதா டை இங்க்கா இருந்தா கடை வெளிச்சத்துலயே நாளாக நாளாக வெளுத்துரும், அப்பறம் வாங்கினவங்க திரும்பி வந்து உங்களைத்தான் கேப்பாங்க. ஃபோன்ல போட்டோ எடுத்துட்டுப் போகாதீங்க, ஒரிஜினலையே எடுத்துட்டுப் போய் ஸ்கேன் பண்ணுங்க. முதல்ல ஒரே ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, அதை மலைக்குக் கொண்டு வந்து நம்ம பகல் வெளிச்சத்துல ஒரிஜினல் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு அப்பறம் மொத்தமா ஆர்டர் குடுங்க, அங்க கடை டியூப்லைட்ல சரியா தெரியற சாம்பல் இங்க வந்தா நீலமாத்தான் தெரியும். முதல் செட்டு வந்ததும் ஏ5ல ஒரு பத்து, கார்டு ஒரு அம்பது என் கடைக்குக் கொண்டாங்க, ரசீது புக் ஒண்ணு வாங்கிக்கோங்க, எண்ணிக்கை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கலாம், மாசக் கடைசில கணக்கு முடிச்சு பணத்தைக் குடுத்துடறேன்.